11 வயசு பையனுக்கு யூரிக் ஆசிட் 7.4: பருப்பையும் முட்டையையும் நிறுத்தணுமா, மாத்திரை குடுக்கணுமா?

நாமக்கல் பக்கத்துல இருந்து ஒரு அம்மா நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்காங்க. பேரும் ஸ்கூல் விவரமும் வேணாம்னு கேட்டிருக்காங்க, அதனால அதையெல்லாம் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சொல்றேன்.

அவங்க பையனுக்கு 11 வயசு, ஆறாவது படிக்கிறான். உயரம் 148 சென்டிமீட்டர், எடை 58 கிலோ. ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேக்கு ஓட்டப் பயிற்சி ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு குதிகாலும் வலிக்குதுன்னு சொல்லியிருக்கான். பக்கத்துல இருக்கற கிளினிக்ல காட்டினப்போ ரத்தம் எடுத்து பார்த்திருக்காங்க, யூரிக் ஆசிட் (உடம்புல உண்டாகி பெரும்பாலும் சிறுநீர்ல வெளிய போற ஒரு கழிவு) 7.4. "கவுட் ஆரம்பம்"னு, அதாவது யூரிக் ஆசிட் மூட்டுல படிஞ்சு வர்ற வாதம்னு சொல்லி, அத குறைக்கற ஃபெபுக்ஸோஸ்டாட் மாத்திரை 40 மில்லிகிராம் ஒரு மாசத்துக்கு எழுதி குடுத்திருக்காங்க. மாத்திரைய வாங்கிட்டாங்க, ஆனா குடுக்க மனசு வரல. வீட்டுக்காரருக்கு 39 வயசு, அவருக்கே கவுட் இருக்கு, அவரும் இதே மாத்திரைதான் போடறார், "எனக்கு ஒண்ணும் ஆகலயே, குடு"ங்கறார். இதுக்கு நடுவுல யூடியூப் பார்த்து துவரம்பருப்பு, முட்டை, தக்காளி, கீரை, மீன் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. பதிலுக்கு காலைல வெந்நீர்ல தேன், சாயங்காலம் ஆப்பிள் பீட்ரூட் கேரட் ஜூஸ், சத்துமாவு டிரிங்க்ல வெள்ளை சர்க்கரைக்கு பதிலா நாட்டுச் சர்க்கரை. அப்பா, மாவுச்சத்த ரொம்ப குறைக்கற பேலியோ டயட்ல 9 கிலோ குறைச்சிருக்கார், பையனையும் அதுல போடணும்ங்கறார். பாட்டி "வளர்ற புள்ள வயித்த காயப் போடாதீங்க"ங்கறாங்க.

கடிதத்தோட கடைசில, போற போக்குல மூணு விஷயம் எழுதியிருக்காங்க. கழுத்து கருப்பா இருக்கு, கடலைமாவு போட்டு தேய்ச்சும் போகல. ராத்திரி குறட்டை விடறான். மார்பு கொஞ்சம் பெருசா இருக்குன்னு கிளாஸ் பசங்க கிண்டல் பண்றதால பிடி பீரியட்டுக்கு போகாம கிளாஸ்லயே உக்காந்துக்கறான். எனக்கு இந்தக் கடிதத்துலயே முக்கியமா பட்டது அந்த கடைசி பாராதான்.

வணக்கம் சகோதரி,

முதல்ல, மாத்திரைய குடுக்காம நிறுத்தி வெச்சது நல்ல காரியம், அதுக்காக மனசுல குற்ற உணர்ச்சி வெச்சுக்க வேணாம். ரெண்டாவது, உங்க பையனுக்கு யூரிக் ஆசிட் அதிகமா இருக்கறது உண்மைதான், அத நான் சாதாரணம்னு சொல்லி அனுப்பப் போறதில்ல. ஆனா நீங்க எல்லாரும் அந்த 7.4ங்கற நம்பரையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க, அந்த நம்பர் எதனால வந்துச்சோ அத பாக்கல. தம்பியோட பிரச்சனை யூரிக் ஆசிட் இல்ல, எடை. இன்னும் சரியா சொன்னா, எடையால உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாம போறது. யூரிக் ஆசிட் அதோட கூட வந்தது.

குதிகால் வலி கவுட் இல்ல

கவுட் வர்றது எப்படி இருக்கும்னு உங்க வீட்டுக்காரரையே கேளுங்க. ராத்திரி திடீர்னு, பெரும்பாலும் கால் கட்டைவிரல் மூட்டுல, செவந்து வீங்கி, போர்வை பட்டா கூட தாங்காது. பையனுக்கு அப்படி இல்ல. ஓடறப்போ வலிக்குது, ரெஸ்ட் எடுத்தா குறையுது, ரெண்டு குதிகாலும் பின்பக்கம், பயிற்சி ஆரம்பிச்ச அப்புறம் வந்தது, வயசு 11, எடை அதிகம். இது படிச்ச உடனே குழந்தை டாக்டர் யாருக்கும் தோணறது சீவர்ஸ் டிசீஸ். பேரு பெருசா இருந்தாலும் ஆபத்தானது இல்ல. குதிகால் எலும்புல வளர்ச்சி தட்டு இன்னும் மூடாம இருக்கற வயசுல, பின்னாடி தசைநார் இழுத்து இழுத்து அந்த இடம் புண்பட்டு வலிக்கறது. சுமார் 8 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் ஓடியாடற பசங்களுக்கு சாதாரணமா வரும். குதிகால ரெண்டு பக்கமும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெச்சு அழுத்தினா "ஆ"ன்னு கத்துவான், அதுவே பெரிய அடையாளம். சில வாரம் ஓட்டத்தையும் குதிக்கறதையும் குறைச்சு, குதிகால் பக்கம் மெத்துன்னு இருக்கற ஷூ போட்டு, கெண்டைக்கால் தசைய நீட்டற பயிற்சி பண்ணா சரியாயிடும். வலி ரொம்ப இருந்தா ஐஸ் வெக்கலாம். தேய்ஞ்சு போன கேன்வாஸ் ஷூல ஓட விடாதீங்க.

குழந்தைகளுக்கு கவுட் வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். அப்படி வந்தா பின்னாடி வேற ஏதாவது நோய் இருக்கான்னு தேட ஆரம்பிச்சுடுவோம். பெரியவங்கள்ல கூட யூரிக் ஆசிட் அதிகமா இருக்கற நிறைய பேருக்கு வாழ்நாள் முழுக்க கவுட் வர்றதே இல்ல. அதனால ரிப்போர்ட்ல நம்பர் ஏறியிருக்கு, கால்ல வலி இருக்கு, ரெண்டையும் சேர்த்தா கவுட்ங்கற கணக்கு தப்பு.

ஆனா இன்னொரு வலிய நீங்க தெரிஞ்சு வெச்சுக்கணும், இத மட்டும் மறக்காதீங்க. எடை அதிகமா இருக்கற பசங்களுக்கு 10 வயசுல இருந்து 16 வயசுக்குள்ள இடுப்பு மூட்டுல தொடை எலும்போட தலைப்பகுதி நழுவற ஒரு பிரச்சனை வரலாம். கஷ்டம் என்னன்னா இடுப்புல கோளாறு இருக்கும், பையன் முட்டி வலிக்குதுன்னு சொல்லுவான், நாம முட்டிக்கு தைலம் தேய்ச்சுக்கிட்டு இருப்போம். தம்பி எப்பவாவது தொடை, முட்டி, இடுப்பு வலின்னு சொல்லி நொண்டி நடந்தாலோ, பாதம் வெளிப்பக்கமா திரும்பி நடந்தாலோ, நடக்க விடாம அன்னைக்கே எலும்பு டாக்டர்கிட்ட தூக்கிட்டு போய் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு விடக்கூடாது.

7.4 அப்படின்னா என்ன

உங்க லேப் ரிப்போர்ட்ல 3.5 முதல் 7.2 வரை நார்மல்னு போட்டிருக்கு. அது பெரிய ஆம்பளைங்களோட அளவு, நம்ம ஊர்ல பெரும்பாலான லேப்ல குழந்தைக்கும் அதையேதான் பிரிண்ட் பண்ணி குடுப்பாங்க. சின்ன பசங்களுக்கு அளவு இதவிட குறைவு, சுமார் 5.5க்குள்ள இருக்கணும். வயசுக்கு வர்ற சமயத்துல ஆம்பள பசங்களுக்கு கொஞ்சம் கொஞ்சமா ஏறி பெரியவங்க அளவுக்கு போகும். ஆக 7.4 கவுட்டும் இல்ல, அதே சமயம் "ஜஸ்ட் பாயிண்ட் டூ தானே ஜாஸ்தி"ன்னு விட்டுடற அளவும் இல்ல.

இன்னொண்ணு, ரத்தம் எடுத்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. முந்தின நாள் வெயில்ல பயிற்சி, காலைல தண்ணி கூட குடிக்காம பதினோரு மணி வரைக்கும் வெறும் வயிறு. உடம்புல தண்ணி குறைஞ்சாலும், கடுமையா ஓடினாலும், ரொம்ப நேரம் பட்டினி கிடந்தாலும் யூரிக் ஆசிட் ஏறும். அதனால ஒரே ஒரு டெஸ்ட்ட வெச்சு எந்த முடிவும் எடுக்க வேணாம். ரெண்டு மூணு வாரம் கழிச்சு, நல்லா தண்ணி குடிச்சு, முந்தின நாள் ஓட்டம் எதுவும் இல்லாம திரும்ப எடுங்க. குறைஞ்சு வரலாம். ஆனா பையனோட எடையையும் கழுத்தையும் வெச்சு பார்த்தா முழுசா நார்மலுக்கு வந்துடும்னு நான் நினைக்கல.

ஏன் ஏறுது

வீட்டுத் தண்ணித் தொட்டிய நினைச்சுக்கோங்க. நிறைய தண்ணி உள்ள வந்தாலும் தொட்டி நிரம்பும், வெளிய போற குழாய் அடைச்சாலும் நிரம்பும். தம்பி விஷயத்துல ரெண்டுமே நடக்குது.

வெளிய போற வழி கிட்னி. உடம்புல உண்டாகற யூரிக் ஆசிட்ல மூணுல ரெண்டு பங்கு சிறுநீர்லதான் போகுது. எடை கூடி, குறிப்பா வயித்த சுத்தி கொழுப்பு சேர்ந்தா, இன்சுலின் சொல்றத உடம்பு கேக்கறதில்ல. உடனே கணையம் இன்னும் அதிகமா இன்சுலின சுரக்கும். அந்த அதிக இன்சுலின் கிட்னிகிட்ட போய் யூரிக் ஆசிட்ட வெளிய விடாம திருப்பி ரத்தத்துக்கே அனுப்ப வெக்குது. அந்த அதிக இன்சுலினோட இன்னொரு அடையாளம்தான் நீங்க கடலைமாவு போட்டு தேய்க்கற கழுத்து. அது அழுக்கு இல்லம்மா. தொட்டு பாருங்க, கொஞ்சம் தடிப்பா வெல்வெட் துணி மாதிரி இருக்கும், அக்குள்லயும் இருக்கான்னு பாருங்க. அகாந்தோசிஸ்னு சொல்லுவோம். எவ்வளவு தேய்ச்சாலும் போகாது, தோல் புண்ணாகறதுதான் மிச்சம், எடை குறைய குறைய தானா வெளுக்கும். தயவுசெஞ்சு அவன "சுத்தமா குளி"ன்னு திட்டாதீங்க.

உள்ள வர்ற வழில எல்லாரும் பயப்படறது பருப்பையும் கறியையும். நிஜத்துல உடம்புல இருக்கற யூரிக் ஆசிட்ல பெரும்பங்கு, சுமார் மூணுல ரெண்டு பங்கு, நம்ம செல்லுங்க உடைஞ்சு உள்ளயே உண்டாகறது, மீதிதான் சாப்பாட்டுல இருந்து. உள்ள உண்டாகறத வேகமா ஏத்தி விடற ஒரு பொருள் இருக்கு, அது பருப்பும் இல்ல தக்காளியும் இல்ல, ஃப்ரக்டோஸ்ங்கற சர்க்கரை. நாம போடற சர்க்கரைல சரிபாதி ஃப்ரக்டோஸ்தான். அது கல்லீரலுக்கு போன உடனே செல்லுல இருக்கற எனர்ஜிய மளமளன்னு செலவு பண்ணும், அந்த செலவுல மிஞ்சற கழிவு யூரிக் ஆசிட்டா மாறுது, கூடவே கல்லீரல்ல கொழுப்பும் படியுது.

இப்ப நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு பாருங்க. பருப்பையும் முட்டையையும் எடுத்துட்டு தேனையும் ஜூஸையும் உள்ள விட்டிருக்கீங்க. தேன்ல குளுக்கோஸ விட ஃப்ரக்டோஸ் கொஞ்சம் ஜாஸ்தி. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம் எல்லாமே இந்த விஷயத்துல சர்க்கரையோட பங்காளிங்கதான், கலர்தான் வேற. நீங்க எழுதின ஒரு நாள் சாப்பாட்ட வெச்சு நான் உக்காந்து கூட்டிப் பார்த்தேன். காலைல ஒரு பெரிய ஸ்பூன் தேன், சுமார் 17 கிராம். ரெண்டு வேளை சத்துமாவு டிரிங்க்ல ரெண்டு ரெண்டு டீஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, 20 கிராம் வெச்சுக்கலாம். ஸ்கூல் விட்டு வர்றப்போ பப்ஸோட ஒரு சின்ன மாம்பழ டிரிங்க், அதுல 25 கிராம்கிட்ட. சாயங்காலம் வடிகட்டின ஜூஸ்ல 15க்கு குறையாது. கிட்டத்தட்ட 80 கிராம் வருது, இதுல டிரிங்க் பவுடர்லயே கலந்திருக்கற சர்க்கரையும் கிரீம் பிஸ்கட்டும் சேரல. இந்த மாதிரி தனியா சேர்க்கற சர்க்கரைய ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள, அதாவது ஆறு டீஸ்பூனுக்குள்ள வெச்சுக்கறது நல்லதுங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்க ஒட்டின அளவு. தம்பி அத போல மூணு மடங்கு குடிக்கிறான், ஆமா குடிக்கிறான், பெரும்பாலும் சாப்பிடறதே இல்ல. 2024 ஏப்ரல்ல மத்திய வணிக அமைச்சகம், இந்த மாதிரி டிரிங்க் பவுடர்கள "ஹெல்த் டிரிங்க்"ங்கற பிரிவுல போட்டு விக்கக் கூடாதுன்னு ஆன்லைன் கடைகளுக்கு சொல்லிச்சு, உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். டப்பால உயரமா ஒரு பையன் படம் போட்டிருக்கறத பார்த்து ஏமாறாம, பின்பக்கத்துல பொடி எழுத்துல இருக்கற அளவ படிங்க.

எத திரும்ப குடுக்கணும், எத நிறுத்தணும்

நாமக்கல்ல இருந்துக்கிட்டு புள்ளைக்கு முட்டைய நிறுத்தியிருக்கீங்க, இத படிச்சு எனக்கு சிரிப்பும் வந்துச்சு வருத்தமும் வந்துச்சு. சாப்பாட்டுல இருந்து யூரிக் ஆசிட்டா மாறற பொருளுக்கு பியூரின்னு பேரு, முட்டைல அது ரொம்ப கம்மி. பால், தயிர், மோர் யூரிக் ஆசிட்ட குறைக்கத்தான் உதவும். பருப்பு, கீரை, காளான், பட்டாணில பியூரின் ஓரளவு இருக்கு, ஆனா பெரியவங்கள பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வுல கறியும் கடல் உணவும் அதிகமா சாப்பிட்டவங்களுக்குத்தான் கவுட் கூடுச்சு, பியூரின் உள்ள காய்கறி சாப்பிட்டவங்களுக்கு கூடல. 2004லயே வந்த ஆய்வு இது, யூடியூப்க்கு இன்னும் போய் சேரல போல. தக்காளிய நிறுத்தச் சொல்ற அளவுக்கு காரணமே இல்ல.

பருப்ப நிறுத்தினா என்ன ஆகும்னா, தட்டுல அந்த இடத்துக்கு சோறு வரும். வெறும் ரசஞ்சோறும் அப்பளமும் சாப்பிட்ட புள்ளைக்கு ஒன்றரை மணி நேரத்துல திரும்ப பசிக்கும், பிஸ்கட் தேடுவான். நீங்க நல்லது பண்றதா நினைச்சு எடைய ஏத்திக்கிட்டு இருப்பீங்க. அதனால இன்னைக்கே பருப்பு, முட்டை, கீரை, சுண்டல், தயிர் எல்லாம் திரும்ப வரட்டும். காலைல மூணு இட்லிக்கு கெட்டி சாம்பார், கூட ஒரு அவிச்ச முட்டை. மத்தியானம் டிபன் பாக்ஸ்ல பாதி பொரியலும் கூட்டுமா இருக்கட்டும், மீதிலதான் சோறு. சாயங்காலம் வந்த உடனே சுண்டலோ வேர்க்கடலையோ ஒரு கொய்யாவோ கையில குடுத்துடுங்க, பசியோட பேக்கரி வாசல்ல நிக்க விட்டா எந்த புள்ளையும் பப்ஸ்தான் கேக்கும். பழம் முழுசா கடிச்சு சாப்பிடலாம், பயப்பட வேணாம், நார்ச்சத்தோட மெதுவா உள்ள போகும். ஜூஸா பிழியறப்போதான் தொல்லை. பால் சர்க்கரை இல்லாம, முதல் வாரம் மூஞ்ச சுளிப்பான், அப்புறம் பழகிடும்.

குறைக்க வேண்டியது ஈரல், குடல், மூளை, சுவரொட்டி மாதிரி உள்ளுறுப்பு வகைகளும், நெத்திலியும் மத்தியும் அடிக்கடி சாப்பிடறதும். எலும்பு சூப், கறி வேகவெச்ச தண்ணி இதுலயும் பியூரின் இறங்கியிருக்கும். ஞாயித்துக்கிழமை வீட்டுல கோழிக் குழம்போ மீன் குழம்போ வெச்சா அவனுக்கு மட்டும் இல்லன்னு சொல்லாதீங்க, ரெண்டு துண்டு போதும். தண்ணி பாட்டில் காலியா வீடு திரும்புதான்னு மட்டும் தினமும் பாருங்க. நிறைய பசங்க ஸ்கூல் டாய்லெட்டுக்கு போக புடிக்காம தண்ணியே குடிக்கறதில்ல, அதையும் கேளுங்க.

மாத்திரையும் பேலியோவும்

"எனக்கு ஒண்ணும் ஆகலயே"ங்கற உங்க வீட்டுக்காரர் வாதத்துக்கு பதில்: அவருக்கு கவுட் வந்து மூட்டு வீங்கியிருக்கு, அவருக்கு அந்த மாத்திரைல லாபம் இருக்கு, அவர் விடாம போடணும். பையனுக்கு எந்த மூட்டும் வீங்கல, கிட்னில கல் இல்ல, கிட்னி கோளாறு இருக்கறதா எந்த தடயமும் இல்ல. லாபம் இல்லாத இடத்துல பக்கவிளைவ மட்டும் எதுக்கு வாங்கணும்? ஃபெபுக்ஸோஸ்டாட் கல்லீரல் என்சைம்கள ஏத்தலாம், தம்பிக்கு ஏற்கனவே கல்லீரல்ல கொழுப்பு இருக்குமோன்னு நான் சந்தேகப்படறேன். இதே வேலைய செய்யற அலோபியூரினால் சில பேருக்கு உயிருக்கே ஆபத்தான தோல் அலர்ஜிய உண்டாக்கும். நாங்க குழந்தைகளுக்கு இந்த வகை மருந்து குடுக்கறது ரத்தப் புற்றுநோய் சிகிச்சைல செல்லுங்க மொத்தமா உடையறப்போ, பரம்பரையா வர்ற சில அபூர்வ கோளாறுல, கவுட்டே வந்தப்போ, இந்த மாதிரி சந்தர்ப்பத்துலதான்.

சில பேர் ஒரு ஆய்வ காட்டி வாதாடுவாங்க, அதனால சொல்லிடறேன். 2008ல ஜாமா மருத்துவ இதழ்ல, புதுசா பிபி கண்டுபிடிச்ச 30 டீனேஜ் பசங்களுக்கு அலோபியூரினால் குடுத்தப்போ பிபி குறைஞ்சதா வந்துச்சு. யூரிக் ஆசிட்டுக்கும் பிபிக்கும் தொடர்பு இருக்குன்னு காட்டின முக்கியமான ஆய்வுதான். ஆனா அத பண்ணவங்களே பக்கவிளைவ காரணம் காட்டி, இத முழுமையான சிகிச்சை முறையா எடுத்துக்க முடியாது, இன்னும் உறுதி பண்ணணும்னுதான் எழுதினாங்க. எனக்கு அந்த ஆய்வுல இருந்து வேணுங்கறது ஒண்ணுதான், தம்பிக்கு பிபி பாக்கணும். யாரும் பாக்கலங்கறது உங்க கடிதத்துல இருந்தே தெரியுது.

பேலியோ விஷயம். அப்பா 9 கிலோ குறைச்சது சந்தோஷம். ஆனா மாவுச்சத்த ரொம்ப குறைச்சா, உடம்பு கொழுப்ப எரிக்கறப்போ உண்டாகற கீட்டோன் ரத்தத்துல ஏறும், அந்த கீட்டோனும் யூரிக் ஆசிட்டும் கிட்னில வெளிய போறதுக்கு ஒரே வாசல்ல முட்டிக்கும், யூரிக் ஆசிட் தேங்கிடும். பட்டினி கிடந்தாலும் அதேதான். அப்பாவுக்கு டயட் ஆரம்பிச்ச புதுசுல கவுட் வலி கூடுச்சான்னு கேட்டு பாருங்க, பல பேர் ஆமாம்பாங்க. வளர்ற பையனுக்கு வேளை வேளையா பட்டினி போடற எந்த டயட்டும் வேணாம். பாட்டி சொன்னதுல பாதி சரி, வயித்த காயப் போடத்தான் கூடாது. ஆனா வயித்த எதால நிரப்பறோம்ங்கறதுல அவங்களோட நான் ஒத்துப்போகல.

எடைய எவ்வளவு குறைக்கணும்

இங்கதான் உங்களுக்கு ஒரு நல்ல சேதி. தம்பியோட பிஎம்ஐ இப்ப 26.5. பெரியவங்க கணக்குல இது சும்மா கொஞ்சம் குண்டுதான், ஆனா குழந்தைக்கு அப்படி பாக்கக்கூடாது, இந்திய குழந்தை மருத்துவர் சங்கம் 2015ல போட்ட வளர்ச்சி சார்ட்ல வயச வெச்சு பாக்கணும், அதுல அவன் உடல் பருமன் கோட்ட தாண்டி மேல இருக்கான். ஆனா அவன் வளர்றான். அடுத்த ஒரு வருஷம் ஒரு கிலோ கூட குறைக்காம இதே 58லயே நின்னு, உயரம் மட்டும் ஆறு சென்டிமீட்டர் ஏறினா பிஎம்ஐ 24.5க்கு வந்துடும். அதனால "பத்து கிலோ குறை"ன்னு யாரும் அவன்கிட்ட சொல்ல வேணாம், இப்போதைக்கு ஏறாம நின்னாலே வெற்றி. மாசம் ஒரு தடவை எடை பாத்தா போதும், தினமும் மெஷின்ல ஏத்தி நிறுத்தாதீங்க.

இன்னொரு ஆறுதல், அவன் வயசுக்கு உயரமா இருக்கான். அதிகமா சாப்பிட்டு எடை போட்ட பசங்க பெரும்பாலும் உயரமாத்தான் இருப்பாங்க. குள்ளமா இருந்து குண்டானா, தைராய்டு மாதிரி ஹார்மோன் கோளாறு இருக்கான்னு வேற பக்கம் தேட வேண்டியிருக்கும்.

அவனோட நாள பத்தி நீங்க எழுதினத படிச்சேன். அஞ்சரைக்கு எழுந்து, ஸ்கூல், அங்கயே ஸ்டடி, டியூஷன், வீட்டுக்கு வர்றப்போ எட்டு மணி, செல்போன் பாத்துக்கிட்டே சாப்பாடு, படுக்க பதினொண்ணு. ஆறரை மணி நேரம் தூக்கம். இந்த வயசுக்கு ஒன்பது மணி நேரமாவது வேணும், தூக்கம் குறைஞ்சா பசி கூடும், முக்கியமா இனிப்பு மேல ஆசை வரும். ஆறாவது படிக்கிற புள்ளைக்கு எதுக்கு எட்டு மணி வரைக்கும் டியூஷன்னு நான் கேட்டா உங்க ஊர்ல என்ன அடிக்க வருவாங்க. ஆனாலும் கேக்கறேன். வாரத்துல ரெண்டு நாளாவது அந்த நேரம் விளையாட்டுக்கு போகட்டும். தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கற அளவுக்கு ஓடியாடணும். குதிகால் வலி போற வரைக்கும் நீச்சலோ சைக்கிளோ.

பிடி பீரியட்டுக்கு போகாததுக்கு காரணம் சோம்பேறித்தனம் இல்ல, அவமானம். எடை கூடின பசங்களுக்கு மார்புல சேர்றது பெரும்பாலும் கொழுப்பு, வயசுக்கு வர்ற சமயத்துல சில பசங்களுக்கு கொஞ்சம் சதை கட்டியா வர்றதும் உண்டு, அதுவும் பெரும்பாலும் தானா போயிடும். டாக்டர் ஒரு தடவ தொட்டு பார்த்து "ஒண்ணுமில்லடா தம்பி"ன்னு அவன்கிட்டயே சொல்லட்டும். கிளாஸ் டீச்சர்கிட்ட நீங்க நேர்ல போய் கிண்டல் பத்தி பேசுங்க, அது உங்க உரிமை, தயங்காதீங்க. வீட்டுலயும் "குண்டா"ன்னு செல்லமா கூட கூப்பிட வேணாம். அப்படியே கேன்டீன் பத்தியும் கேளுங்க. ஸ்கூல் கேன்டீன்லயும் கேட்ல இருந்து 50 மீட்டர் சுத்தளவுலயும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமான பண்டங்கள விக்கக்கூடாதுன்னு இந்திய உணவு பாதுகாப்பு ஆணையத்தோட 2020 விதிமுறை சொல்லுது. நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டா பிரின்சிபால் யோசிப்பார், அதுக்கு மேல தேவைப்பட்டா மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலகம் இருக்கு.

டாக்டர்கிட்ட போறப்போ

குழந்தை நல மருத்துவர் ஒருத்தர்கிட்ட காட்டுங்க, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே போதும். பிபி பாக்கறப்போ அவன் கைக்கு சரியான அளவு பட்டை கட்டச் சொல்லுங்க, பருமனான கைக்கு சின்ன பட்டை கட்டினா பிபி பொய்யா ஏறி காட்டும். வெறும் வயித்து சுகர், மூணு மாச சராசரி சுகர காட்டற எச்பிஏ1சி, கொலஸ்ட்ரால், கல்லீரலுக்கு எஸ்ஜிபிடி, கிட்னிக்கு கிரியாட்டினின், சிறுநீர் டெஸ்ட், ரத்த அணுக்கள் எண்ணிக்கை, கூட யூரிக் ஆசிட் திரும்ப ஒரு தடவை. எஸ்ஜிபிடிலயும் அதே லேப் குழப்பம் உண்டு, ரிப்போர்ட்ல 40 வரை நார்மல்னு இருக்கும், ஆம்பள பசங்களுக்கு 26 தாண்டினாலே நாங்க கவனிப்போம். குறட்டைய கண்டிப்பா சொல்லுங்க, தூங்கறப்போ மூச்சு நின்னு நின்னு திணறி எழறானான்னு ஒரு ராத்திரி உக்காந்து பாத்து செல்போன்ல வீடியோ எடுத்துட்டு போங்க, டான்சில், அடினாய்டு பாக்க வேண்டியிருக்கலாம்.

அவன் வேற ஏதாவது மருந்து சாப்பிடறானான்னு கேப்பாங்க. டிபிக்கு குடுக்கற பைரசினமைடு, சில பிபி மருந்து இதெல்லாம் யூரிக் ஆசிட்ட ஏத்தும், உங்க பையனுக்கு அது பொருந்தாது, ஆனா இத படிக்கிற வேற யாராவது இருந்தா மருந்த நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட பேசுங்க. சிறுநீர்ல ரத்தம், இடுப்புப் பக்கம் வலி, வெளுத்துப் போறது, விடாத காய்ச்சல், கழுத்துல கட்டி, மூட்டு செவந்து வீங்கறது, திரும்ப எடுத்த டெஸ்ட்ல 9, 10னு ஏறிக்கிட்டே போறது, இதுல ஏதாவது இருந்தா காத்திருக்காதீங்க.

கிட்னி கெட்டுப்போயிடுமான்னு கேட்டிருந்தீங்க. இப்ப அந்த பயத்துக்கு காரணம் இல்ல. வருஷக்கணக்கா எடையும் பிபியும் சுகரும் யூரிக் ஆசிட்டும் சேர்ந்து ஏறியே இருந்தா பிற்காலத்துல கிட்னிக்கு கெடுதல்தான், அதனாலதான் 11 வயசுலயே இவ்வளவு நீளமா பேசறேன். அப்பா மாதிரியே வருமான்னா, கிட்னி யூரிக் ஆசிட்ட வெளியேத்தற விதத்துல பரம்பரைக்கு பெரிய பங்கு உண்டு, அத மாத்த முடியாது. எடைய மாத்த முடியும்.

மாத்திரைய என்ன பண்றதுன்னா, பிரிக்காத அட்டையா இருந்தா பில்லோட கடைல குடுத்து பாருங்க, வாங்கிக்கலன்னா தூக்கிப் போட்டுடுங்க. அப்பா அத எடுத்து தன்னோட டோஸோட சேர்த்து போட்டுக்க வேணாம். அடுத்த மாசம் பிறந்தநாளுக்கு கேக் வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா வாங்குங்க, அவனும் நல்லா சாப்பிடட்டும். கூட அந்த ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில மட்டும் வாங்காதீங்க, மீந்த கேக்க ஃப்ரிட்ஜ்ல வெக்காம அன்னைக்கே அக்கம்பக்கம் குடுத்துடுங்க.